தங்க நகை நிறம் மாறினால்: புதிதாக நகை பராமரிப்போருக்கு ஒரு டெல்டா வழிகாட்டி

திருமணமாகி ஓராண்டு நிறைவதற்குள் தாலிக்கொடி கறுத்துவிட்டது என்றும், ஆசையாக வாங்கிய மோதிரத்தில் வெள்ளைத் திட்டு படர்ந்துவிட்டது என்றும், கம்மலின் திருகில் பச்சை பிடித்துவிட்டது என்றும் கவலைப்படுவோர் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கங்களில் ஏராளம். கவலை வந்தவுடன் பெரும்பாலான வீடுகளில் நடப்பது, புளியோ பல்பொடியோ துணிச் சோப்போ, கைக்கு எது கிடைக்கிறதோ அதைப் போட்டுத் தேய்ப்பதுதான். காரணம் தெரியாமல் தேய்க்கும்போது, அழுக்கு செய்த கெடுதலைவிடத் தேய்ப்பு செய்யும் கெடுதல் பெரிதாகிவிடுகிறது. ஆகையால் இக்கட்டுரை நிறமாற்றத்தின் காரணத்தைக் கண்டறியும் வழியை முதலிலும், சுத்தம் செய்யும் முறையை அதன் பிறகும் சொல்கிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தூய தங்கம் காற்றாலோ நீராலோ மண்ணாலோ நிறம் மாறுவதில்லை. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது 505 பொற்காசுகள் கிடைத்தன; காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஈர மண்ணில் நெடுங்காலம் கிடந்திருந்தும், பார்த்தவுடனேயே பொன் என்று தெரியும் நிலையில்தான் அவை வெளிவந்தன. பழைய தஞ்சாவூர் ஓவியங்களிலும், சுற்றியுள்ள வண்ணங்கள் மங்கிய பிறகு ஒட்டிய தங்கத்தாள் மட்டும் ஒளி குன்றாமல் நிற்பதைக் காணலாம்.

நாம் அணியும் நகை அத்தகைய தூய தங்கத்தால் ஆனதன்று. 22 காரட் நகையில் நூற்றுக்கு 91.6 பங்குதான் தங்கம். அதனால்தான் அதை 916 என்கிறோம். ஒரு பவுன், அதாவது 8 கிராம் நகையில் சுமார் 7.33 கிராம் தங்கமும், எஞ்சிய 0.67 கிராம் பெரும்பாலும் செம்பும் வெள்ளியுமாக இருக்கும். தூய தங்கம் மிகவும் மென்மையானது என்பதால், நெளியாமல் தேயாமல் இருப்பதற்காக இவை சேர்க்கப்படுகின்றன. வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்தால் கறுக்கும். செம்பு காற்றோடும் கந்தகத்தோடும் சேர்ந்து பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறும், உப்பு ஈரம் பட்டால் பச்சைக் களிம்பாகும். 18 காரட் நகையில் நான்கில் ஒரு பங்கு வேறு உலோகம் என்பதால், அது 22 காரட்டைவிட எளிதில் மங்கும். இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். 22 காரட் நகை முழுவதும் ஒரே சீராகக் கறுப்பது அரிது. அப்படிக் கறுத்தால், மேலே ஏதோ படிந்திருக்கிறது அல்லது நகையின் மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை அளவு, குறைவாக இருக்கிறது என்று ஐயப்பட இடமுண்டு.

முதற்படி: கையில் இருப்பது எந்த வகை நகை?

கொக்கியின் அருகிலோ மோதிரத்தின் உட்புறத்திலோ உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் ஹால்மார்க் நகையில் பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை, 22கே916 போன்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி எண் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் என்னும் கைப்பேசிச் செயலியில் இட்டு, நகை எங்கே சோதிக்கப்பட்டது, அதன் தூய்மை என்ன என்பதைச் சரிபார்க்கலாம். 2 கிராமுக்கும் குறைவான நகைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. எனவே மூக்குத்தி, குழந்தையின் சிறு தோடு, கம்மலின் தனித் திருகு போன்றவற்றில் குறி இல்லாமல் இருக்கலாம். மற்ற நகைகள் பளிச்சென்று இருக்கையில் இவை மட்டும் மங்குவதற்கு இவற்றின் மாற்று ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

அம்மாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ வந்த நகையாக இருந்தால் பற்றவைப்பைக் கவனிக்க வேண்டும். சங்கிலிக் கண்ணிகளையும் குண்டின் இரு பாதிகளையும் இணைக்கப் பத்தர்கள், அதாவது பொற்கொல்லர்கள், பொடி என்னும் பற்றவைப்பு உலோகக் கலவையை வைத்து ஊதுவார்கள். அந்தப் பொடி எளிதில் உருக வேண்டும் என்பதற்காக அதில் செம்பும் வெள்ளியும் துத்தநாகமும் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. நகையின் உடல் உயர்ந்த மாற்றாக இருந்தாலும் இணைப்பு தாழ்ந்த மாற்றாக இருப்பதால், கறுப்பு முதலில் அங்கேதான் தெரியும். பின்னாளில் வந்த கே.டி.எம். நகை என்பது காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்தது. அந்த உலோகத்தின் புகை வேலை செய்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பதால் அது கைவிடப்பட வேண்டியதாயிற்று.

அடுத்து, நகைக்குள் அரக்கு இருக்கிறதா, கல்லின் அடியில் தகடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். தாலியோடு கோக்கும் குண்டுகள், பழைய அட்டிகை, கெம்புக்கல் பதித்த ஜிமிக்கி ஆகியவற்றில் உள்ளீடாக அரக்கு வைப்பது பழக்கம். ரசீது இருந்தால் மொத்த எடையும் நிகரத் தங்க எடையும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கல்லும் அரக்குமே. இந்த விவரத்தைக் கழுவுவதற்கு முன்பே அறிந்திருப்பது இன்றியமையாதது. ஏன் என்பதைக் கழுவும் படியில் சொல்கிறேன்.

கடைசியாக, அது கவரிங்காக இருக்கலாம். சிதம்பரம் கவரிங் நம் பகுதியில் எல்லாக் குடும்பங்களிலும் புழங்குவது. ஒரு கிராம் தங்கம் என்று விற்கப்படுவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. உள்ளே வேறு உலோகம், மேலே மெல்லிய தங்கப் பூச்சு. பூச்சு தேய்ந்த இடத்தில் உள் உலோகம் வெளிப்பட்டு நிறம் மாறுவது இயல்பு. எந்தக் கழுவலாலும் அது திரும்ப வராது, மறுபடி முலாம் பூசுவதே வழி. நகைப்பெட்டியில் கவரிங்கையும் தங்கத்தையும் கலந்து வைத்திருக்கும் வீடுகளில், எது எதுவென்று முதலில் பிரித்து வைப்பது நல்லது.

இரண்டாம் படி: பகல் வெளிச்சத்தில் பார்த்தல்

குழல் விளக்கின் கீழ் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலை வெளிச்சத்தில், வெள்ளை வேட்டித் துணி ஒன்றின்மேல் நகையை வைத்து, மாற்றம் எங்கே இருக்கிறது, என்ன நிறத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஈரப் பஞ்சில் ஒரு சொட்டுச் சோப்பு நீர் விட்டு, நிறம் மாறிய இடத்தில் மென்மையாக ஒருமுறை ஒற்றி எடுங்கள். நிறம் பஞ்சில் ஏறினால் அது மேற்படிவு, வீட்டிலேயே போக்கலாம். பஞ்சு சுத்தமாகவே வந்து, கறுப்பு அசையாமல் நின்றால், உலோகத்தின் மேற்பரப்பே வினைபுரிந்திருக்கிறது என்று பொருள்.

இணைப்புகளில் மட்டும் கறுப்பு இருந்தால் பொடியின் செம்பும் வெள்ளியும் காரணம். உடலில் படும் பக்கம் மட்டும் மங்கி வெளிப்பக்கம் நன்றாக இருந்தால் வியர்வை, எண்ணெய், பவுடர் ஆகியவற்றின் படிவு. திருகின் மரையிலும் காது மடலிலும் பச்சை தெரிந்தால் செம்பு வெளிப்பட்டிருக்கிறது. காது புண்ணாகியிருந்தால் அந்தக் கம்மலைக் கழற்றிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெள்ளையாக, வெள்ளி பூசியதுபோல் திட்டு இருந்தால், இக்கட்டுரையின் மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு, பாதரசம் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள்.

மஞ்சளும் சோப்பும்

டெல்டாவில் தாலிக்கொடி நிறம் மாறுவதற்கு நான் அதிகம் காணும் காரணம் மஞ்சள் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் மஞ்சள் பூசிக் குளிக்கும்போது அதன் நுண்துகள் சங்கிலியின் கண்ணிகளுக்குள் சென்று தங்குகிறது. மஞ்சளின் நிறப்பொருள் நீரில் எளிதில் கரையாது. எண்ணெயிலும் ஸ்பிரிட்டிலும் கரையும். ஆகவே வெறும் தண்ணீர் எத்தனை குடம் ஊற்றினாலும் அது போவதில்லை. அதே நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைக்கும்போது நாம் காணும் செந்நிறம் அதுதான். குளியல் சோப்பும் துணிச் சோப்பும் காரத்தன்மை உடையவை. எனவே மஞ்சள் படிந்த தாலியில் நாள்தோறும் சோப்பு படும்போது, படிவு செம்பழுப்பாக மாறி, எண்ணெய்ப் பசையோடும் சோப்பின் பிசுக்கோடும் இறுகி, தொலைவிலிருந்து பார்ப்போருக்குத் தங்கமே செம்பாகிவிட்டது போலத் தோன்றுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போவதற்கு முன் இதைச் சோதித்துப் பாருங்கள்.

சோதிப்பது எளிது. அரக்கோ கல்லோ இல்லாத பகுதியில், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றினால் பஞ்சு மஞ்சளாகும். அரக்கு வைத்த குண்டின்மேல் ஸ்பிரிட் படக் கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். அங்கே தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் முதலில் துடைத்து, பிறகு மிதமான சோப்பு நீரில் எண்ணெயைப் போக்கலாம்.

மஞ்சள் பூசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. பூசியபின் நன்கு அலசி, மெல்லிய பருத்தித் துணியால் சங்கிலியின் பின்புறத்தை ஒற்றி எடுத்தாலே பாதிப் படிவு சேராது. மஞ்சள் கயிற்றில் தாலி அணிபவர்களுக்கு ஆடிப்பெருக்கு நல்ல வாய்ப்பு. காவிரிக் கரையில் புதுக் கயிறு மாற்றும் அந்த நாளையொட்டி, தாலி உருக்களையும் காசுகளையும் பிரித்தெடுக்கும்போதே ஒவ்வொன்றையும் பார்த்து, கழுவி, உலர்த்திக் கோப்பதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளலாம். ஈரமான கயிறு மாதக்கணக்கில் உரசிக்கொண்டே இருப்பதால், துளையின் ஓரம் தேய்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

வெள்ளைத் திட்டு: பாதரசம்

தங்கமும் பாதரசமும் தொட்ட மாத்திரத்தில் ஒன்றோடொன்று கலக்கும். கலந்த இடம் வெள்ளி நிறமாகி, நாளடைவில் மென்மையாகி நொறுங்கும். உடைந்த கண்ணாடி வெப்பமானியிலிருந்து சிந்திய பாதரசத்தைக் கையால் கூட்டி எடுப்பது ஒரு காரணம். பாதரசம் சேர்ந்த ரசமணியைத் தங்கச் சங்கிலியில் கோத்து அணிவதும் ஆபத்தே. மூன்றாவது காரணம்தான் எல்லாவற்றிலும் கவலைக்குரியது. நிறத்தை வெளுக்க வைப்பதாகச் சொல்லி, தயாரித்தவர் பெயரோ முகவரியோ இல்லாமல் விற்கப்படும் சில முகக் களிம்புகளில் பாதரச உப்பு சேர்க்கப்படுகிறது. அழகுப் பொருள்களைப் பாதரசம் சேர்த்துத் தயாரிப்பது நம் நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்தும் அவை கிடைக்கத்தான் செய்கின்றன. பெட்டியின் மேல் கலோமெல், மெர்குரிக், மெர்குரஸ் போன்ற சொற்கள் இருந்தாலோ, தங்கம், வெள்ளி, அலுமினியம் ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்ற எச்சரிக்கை இருந்தாலோ, அந்தக் களிம்பை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். மோதிரம் வெளுத்ததைக் காட்டிலும், அந்தக் களிம்பு தோல் வழியாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதே பெரிய செய்தி. பூசிக்கொண்டிருப்பவர் உடனே நிறுத்திவிட்டு, களிம்புப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நகையைப் பொறுத்தவரை செய்ய வேண்டியவை மூன்று. வெளுத்த நகையைக் கழற்றி, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் தனியாக வையுங்கள். மற்ற நகையோடு சேர்ந்தால் அவற்றிலும் பரவும். வீட்டு அடுப்பில் காட்டிச் சரிசெய்ய எவர் சொன்னாலும் செய்யாதீர்கள். சூடேறும்போது எழும் பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலைக் கடுமையாகத் தாக்கும். பத்தரிடம் கொடுக்கும்போது, பாதரசம் பட்டிருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். அவர் அறியாமல் நெருப்பில் வைத்தால், அந்த ஆவியை முதலில் சுவாசிப்பவர் அவர்தான்.

மூன்றாம் படி: வீட்டிலும் வயலிலும் காரணத்தைத் தேடுதல்

நிறமும் இடமும் தெரிந்தபின், நாள்தோறும் கை படும் பொருள்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். குளியலறையில் தொடங்கலாம். கழுவறை கழுவும் அமிலமும் பிளீச்சிங் பவுடரும் இரண்டுமே நகைக்கு ஆகாதவை. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வெளிவந்து மூச்சை அடைக்கும், அந்த வாயு தங்கத்தையும் விடாது. தண்ணீர்த் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் நாளில் மோதிரமும் வளையலும் கையில் இருக்கவே கூடாது. குளோரின் நகையிலுள்ள செம்பையும் வெள்ளியையும் அரித்து, இணைப்புகளைப் பலவீனப்படுத்தும். ஒருநாள் சங்கிலி காரணமின்றி அறுந்தது போலத் தோன்றும்.

தலைக்குச் சாயம் பூசும்போது கம்மலையும் மாட்டலையும் கழற்றிவிடுங்கள். சாயத்திலுள்ள அம்மோனியாவும் பெராக்சைடும் செம்பைத் தாக்கும், நிறமும் கல்லின் விளிம்பில் ஏறிக்கொள்ளும். சீயக்காய் அவ்வளவு தீங்கானதன்று. ஆயினும் அதன் தூள் ஜிமிக்கியின் குடைக்குள் தங்கி இறுகிவிடுவதால் நன்கு அலச வேண்டும். முகப் பவுடரும் களிம்பும் வேறு விதமாகக் கெடுக்கின்றன. அவற்றிலுள்ள துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் ஆக்சைடு போன்ற கடினமான நுண்துகள்கள் நகையை உரசி, உலோகத்தைத் தூளாக எடுக்கின்றன. மிக நுண்ணிய உலோகத் தூள் கறுப்பாகவே தெரியும். கழுத்தில் சங்கிலி படும் இடத்தில் கறுப்புக் கோடு விழுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பித்த உடம்புக்குத் தங்கம் கறுக்கும், உடம்புச் சூட்டால் கறுக்கும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு, ஏதோ நோய் வந்துவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. வியர்வையின் உப்பும் அமிலத்தன்மையும் ஆளுக்கு ஆள் வேறுபடுவது உண்மை. அதனால் ஒரே கடையில் வாங்கிய ஒரே வகைச் சங்கிலி அக்காவுக்கு மின்னும், தங்கைக்கு மங்கும்.

சமையலறையில் முட்டை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றின் கந்தகச் சேர்மங்கள் வெள்ளிக் கலப்பைக் கறுக்க வைக்கும். கை கழுவினால் போதும், அஞ்ச ஒன்றுமில்லை. மருந்துப் பெட்டியில் சொறி சிரங்குக்குப் பூசும் கந்தகக் களிம்பும், புண்ணுக்குத் தடவும் அயோடின் மருந்தும் அப்படியல்ல. அயோடின் தங்கத்தையே கரைக்கும் தன்மை உடையது. காயத்துக்கு மருந்து போடுபவர் தம் மோதிரத்தையும் கழற்றிவிட்டுப் போடுவது நல்லது.

வயல் வேலை செய்வோருக்கு ஒரு தனிக் குறிப்பு. சம்பா அறுவடையை ஒட்டி விதைக்கும் உளுந்திலும் பயறிலும் சாம்பல் நோய் வந்தால் நனையும் கந்தகம் தெளிக்கிறோம். தெளிக்கும் அன்று கழுத்திலும் காதிலும் இருக்கும் நகையின் மேல் அந்த நுண்தூள் படிந்து, வியர்வை ஈரத்தில் ஒட்டிக்கொள்கிறது. மாலையில் குளித்தபின்னும் கண்ணிகளுக்குள் இருந்துகொண்டே வேலை செய்யும். தெளிக்கும் நாளில் மஞ்சள் கயிறோடு வயலுக்குப் போவதும், பொன் நகையை வீட்டில் வைப்பதும் எளிய தீர்வு. தீபாவளிப் பட்டாசுப் புகையிலும் கந்தகம் உண்டு. மறுநாள் ஒருமுறை கழுவிவிட்டால் போதும்.

நீரும் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு கலந்திருந்தால் வாளியில் செம்படிவு படியும், அதே படிவு சங்கிலியிலும் படியும். அழுகிய முட்டை நாற்றம் வீசும் நீரில் கந்தக வாயு கரைந்திருக்கிறது. அந்த நீரில் நாள்தோறும் குளிப்போரின் 18 காரட் நகையும் வெள்ளிக் கொலுசும் விரைவில் கறுக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் உப்புக் காற்றே போதும். அங்கே வாழ்வோர் மற்றவர்களைவிட அடிக்கடி நன்னீரில் நகையை அலச வேண்டியிருக்கும். கடலில் நகையோடு குளிக்கக் கூடாது என்பதற்கு நிறத்தைவிட வலுவான காரணம் உண்டு: குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும்போது மோதிரம் நழுவிவிடும்.

நான்காம் படி: கழுவுதல்

வாஷ்பேசினில் கழுவாதீர்கள், கழன்ற ஒரு கல் வடிகாலில் போனால் போனதுதான். வாய் அகன்ற இரண்டு கிண்ணங்களை எடுத்து, ஒன்றில் வெதுவெதுப்பான நீரும், அதில் பாத்திரம் கழுவும் மிதமான திரவச் சோப்பு இரண்டு சொட்டும் விடுங்கள். பூந்திக்கொட்டை கிடைத்தால் அதுவே சிறந்தது. நான்கைந்து கொட்டையின் தோலை இரவு ஊறவைத்துக் கசக்கி, வடிகட்டிய நீரைப் பயன்படுத்தலாம்; பட்டறைகளில் பத்தர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவதும் இதைத்தான். கல்லும் அரக்கும் இல்லாத முழுத் தங்க நகையைக் கால் மணி நேரம் ஊறவிட்டு, குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கியால் கண்ணிகளுக்குள் அழுத்தாமல் துலக்குங்கள். இரண்டாம் கிண்ணத்து நல்ல நீரில் இருமுறை அலசி, பருத்தித் துணியில் ஒற்றி, விசிறிக் காற்றில் முழுவதும் உலரவிடுங்கள். ஈரம் உள்ளே இருக்கும்போதே பெட்டியில் வைத்தால் செய்த வேலை வீண்.

அரக்கு வைத்த நகையையும், கல்லின் அடியில் தகடு வைத்த நகையையும் ஊறவைக்கவே கூடாது. சுடுநீரில் அரக்கு இளகி ஒழுகும், குண்டு நசுங்கும். தகடுக்குள் நீர் புகுந்தால் கெம்பு இருண்டுவிடும், பிறகு கல்லைக் கழற்றித் தகடு மாற்றாமல் ஒளி திரும்பாது. இவற்றை ஈரத் துணியால் துடைத்து, உலர் துணியால் ஒற்றுவதோடு நிறுத்துங்கள். முத்தும் பவழமும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை; எலுமிச்சை, புளி, வினிகர் எது பட்டாலும் மேற்பரப்பு அரிக்கப்பட்டு மங்கும்.

புளி பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கை, அதே புளியை நகையிலும் போடத் துடிக்கிறது. பித்தளையின் மேலுள்ள களிம்பைப் புளியின் அமிலம் கரைப்பது போலவே, நகையின் இணைப்பிலுள்ள செம்புக் கறையையும் ஓரளவு கரைக்கும் என்பது உண்மைதான். எனவே கல், முத்து, பவழம், அரக்கு எதுவும் இல்லாத கெட்டி நகையை நீர்த்த புளிக்கரைசலில் சில நிமிடம் மட்டும் வைத்து உடனே அலசுவதில் தவறில்லை. சக்கையோடும் உப்போடும் சேர்த்துத் தேய்ப்பதுதான் தவறு. விளக்கு அதைத் தாங்கும், 22 காரட் தங்கம் தாங்காது.

பற்பசை, பல்பொடி, சாம்பல், செங்கல் தூள், பாத்திரம் தேய்க்கும் நார் ஆகியவற்றை முற்றிலும் விலக்குங்கள். தங்கம் மென்மையான உலோகம். பற்பசையிலுள்ள தேய்ப்புத் துகள்கள் அதன் மேற்பரப்பில் கீறல் போடும். தேய்த்த அன்று பளபளப்பாகத் தெரிவது உண்மை, ஆனால் அந்தப் பளபளப்பு நகையின் எடையிலிருந்து எடுத்ததே. கீறல்களில் அடுத்த முறை அழுக்கு இன்னும் விரைவாகத் தங்கும்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்று கேட்பார்கள். நாள்தோறும் அணியும் சங்கிலிக்கு மாதம் ஒருமுறை போதும். விசேஷங்களுக்கு மட்டும் அணிவதை, கழற்றிய அன்றே ஈரத் துணியால் துடைத்து உலர்த்தி வைத்தால் தனியாகக் கழுவத் தேவையில்லை. அலங்காரம், வாசனைத் திரவியம், பூ எல்லாம் முடிந்தபின் கடைசியாக நகையை அணிவதும், வீடு திரும்பியதும் முதலில் அதைக் கழற்றுவதும் நல்ல பழக்கம்.

எடுத்து வைத்தல்

ஒவ்வொரு நகையையும் தனித்தனியாக மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, மூடும் பிளாஸ்டிக் உறையில் காற்றை அழுத்தி வெளியேற்றி வையுங்கள். ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பதால், அது தொடும் இடம் கறுக்கும். நகைக்கடையில் சுற்றித் தரும் ரோஜா நிறக் காகிதம் ஈரத்தில் சாயம் விடும் என்பதால், நீண்ட நாள் வைப்பதற்கு அதை எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் வீடுகளின் அலமாரி முழுவதும் ஈரம் ஏறும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். சாகுபடிச் செலவுக்காகக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்த நகை மாதங்கள் கழித்து மீளும்போது மங்கித் தெரிந்தால் பதற வேண்டாம். அடகு வைத்த அன்று எழுதிய எடையோடு மீட்ட எடையை ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் மேலே சொன்னபடி கழுவிக்கொள்ளலாம்.

பத்தரிடம் கொண்டுபோகும்போது

கழுவியும் போகாத கறுப்பு, இணைப்பில் விரிசல், வெள்ளைத் திட்டு, அரக்குக் கசிவு, ஆடும் கல் ஆகியவை வீட்டில் தீராது. பத்தர் நகையை நீர்த்த அமிலத்தில் வைத்துக் கறை நீக்கி, மெருகு போட்டுத் தருவார். மெருகு போடும் ஒவ்வொரு முறையும் மிகச் சிறிதளவு தங்கம் தேயும் என்பதால், ஆண்டுதோறும் மெருகு போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேவை வந்தால் மட்டும் போதும்.

வாசலுக்கு வந்து, நகைக்கு இலவசமாக மெருகு போட்டுத் தருகிறோம், புதிய பவுடரை விளம்பரம் செய்ய வந்திருக்கிறோம் என்று சொல்பவர்களிடம் ஒரு குண்டுமணித் தங்கத்தைக்கூடக் கொடுக்காதீர்கள். அவர்களது கிண்ணத்தில் இருப்பது ராஜதிராவகமாக இருக்கக்கூடும். நைட்ரிக் அமிலத்தோடு மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த அந்தக் கலவை தங்கத்தைக் கரைக்கும். நகை உங்கள் கண் முன்னே பளபளப்பாகித் திரும்பும், எடை மட்டும் குறைந்திருக்கும். மஞ்சள் தூள் போட்ட தண்ணீரில் வைத்திருக்கிறோம், ஆறியபின் திறந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுச் செல்வது அவர்கள் வழக்கம். கிண்ணத்தில் மீதியிருக்கும் நீரில்தான் உங்கள் தங்கம் இருக்கிறது, அதை அவர்கள் எடுத்துச் சென்றுவிடுவார்கள். அப்படி யாரேனும் வந்தால் கதவைத் திறக்காமல், 100 என்ற எண்ணில் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

தெரிந்த பத்தரானாலும், பெரிய கடையானாலும், கொடுக்கும் முன் உங்கள் எதிரிலேயே எடை போட்டு, கிராமும் மில்லிகிராமும் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கைப்பேசியில் முன்புறமும் பின்புறமும், ஹெச்யூஐடி எண் தெரியும்படியும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெறும்போது அதே தராசில் மறுபடி எடை பார்த்து, அழுக்கு நீங்கியதாலும் மெருகாலும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்டு, அவர் சொல்லும் கணக்கு மனத்துக்குச் சரியாகப்பட்ட பிறகு கூலியைக் கொடுங்கள்.